வெண்மதி நகர் கையேட்டின் கடைசி அத்தியாயம்

புறநகரில் வீடு கட்டுகிறவர்கள் இரு வகைப்படுவர். வீட்டைக் கட்டி முடித்த பிறகு தண்ணீரைப் பற்றி யோசிப்பவர்கள் முதல் வகை. கட்டுவதற்கு முன்பே யோசிப்பவர்கள் இரண்டாம் வகை. இரண்டாம் வகையினர் இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன், நேரில் கண்டதில்லை.

நான் முதல் வகையில் முதல் ஆள். இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவன். நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் பாயும் என்பதைத் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் எண்ணற்ற மாணவர்களுக்குச் சமன்பாடுகளோடு விளக்கியவன். ஓய்வு பெற்றதும் விழுப்புரத்துக்கு வெளியே, திண்டிவனம் சாலையை ஒட்டிய வெண்மதி நகரில் மனை வாங்கினேன். அது மேட்டில் இருந்தது. (மனை விற்றவர், "காத்து பிச்சிக்கினு போவும் சார்" என்றார். காற்றைப் பற்றி அவர் சொன்னது முழு உண்மை.)

வெண்மதி நகரில் ஆழ்துளைக் கிணறுகளுக்குக் குறைவில்லை. அவற்றின் நீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, குழாயின் வாயில் வெள்ளைப் படிவு பூத்திருக்கும். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் டிராக்டர் டேங்கர் வரும். அது எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. வந்துவிட்டால் எல்லாருக்கும் தெரியும். ஹாரன் கேட்டதும் என் மனைவி மங்கை அடுப்பை அணைத்துவிட்டு, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிளாஸ்டிக் குடங்களோடு ஓடுவாள். இன்னொரு குடத்தோடு, ஓய்வுபெற்ற துறைத் தலைவருக்குரிய வேகத்தில் நான் பின்தொடர்வேன். நான் போய்ச் சேர்வதற்குள் டேங்கர் அடுத்த நகருக்குப் போயிருக்கும்.

ஆகவே, நகர் நலச் சங்கத்துக்கு என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தபோது என் முன் ஒரே ஒரு கடமைதான் இருந்தது. குடிநீரின் பெரிய குழாய் நெடுஞ்சாலை ஓரம்வரை வந்து நின்றிருந்தது. அதை எங்கள் தெருக்களுக்குள் நீட்ட வேண்டும். அதற்குப் பரிந்துரை எழுத வேண்டியவர் ஒரு பொறியாளர். அவருக்கு மனு மேல் மனு எழுதினேன். ஒவ்வொரு மனுவிலும் முன்னுரை, நீரழுத்தக் கணக்கு, முடிவுரை ஆகியன இடம்பெற்றன. பதில் மட்டும் இடம்பெறவில்லை.

"இந்தத் தண்ணியில பருப்பே வேவ மாட்டேங்குது," என்றாள் மங்கை. "உங்க எழுத்துல ஆபீசரு எப்படிங்க வேவாரு?"

அவள் கிளியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். நான் எழுதிய அனைத்தையும் படித்தவள்; அவற்றில் எதையும் கண்டு அஞ்சாதவள்.

நகரில் வேறொரு சிக்கலும் இருந்தது. புதிதாகக் குடிவந்தவர்களுக்கு எதற்கு யாரை அழைப்பது என்று தெரியாது. ஃபியூஸ் போனாலும், கழிவுநீர்த் தொட்டி நிரம்பினாலும், கேஸ் வாசனை வந்தாலும், சமையலறையில் பாம்பு நுழைந்தாலும், செயலாளர் வீட்டு அழைப்பு மணியை அழுத்துவார்கள். நான் கதவைத் திறந்து "அமருங்கள்" என்பேன். மங்கை உள்ளே இருந்தபடியே உரிய ஆளின் பெயரையும் எண்ணையும் சொல்வாள். அவர்கள் அமராமலேயே ஓடுவார்கள்.

இவற்றையெல்லாம் தொகுத்து ஒரு நூலாக வெளியிட்டால் என்ன என்று தோன்றியது. "வெண்மதி நகர் குடியிருப்போர் கையேடு: அத்தியாவசியச் சேவைகளும் நடைமுறை அறிவுரைகளும்." தலைப்பை எழுதி முடித்ததும் பாதி நூல் முடிந்துவிட்ட நிறைவு ஏற்பட்டது.

"மின்தடை ஏற்படின், அண்டை இல்லங்களின் நிலையை முதற்கண் அவதானித்தல் நலம்" என்று முதல் அத்தியாயத்தைத் தொடங்கினேன்.

"எதிர் வீட்டுல ஃபேன் ஓடுதான்னு பாருன்னு எழுதுங்க," என்றாள் மங்கை.

"இல்லத்தில் அரவம் காணப்படின், பதற்றம் தவிர்த்து..."

"பாம்பு வந்தா எவன் உக்காந்து படிப்பான்? பாம்பு புடிக்கிறவரு நம்பரை மட்டும் இம்மாம் பெருசா போடுங்க."

இப்படியாக நூல் மெலிந்துகொண்டே வந்தது. பயனுள்ளதாகவும் ஆகிக்கொண்டே வந்தது. கடைசி அத்தியாயத்தில்தான் எங்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு எழுந்தது. இறப்பு நேர்ந்தால் அழைக்க வேண்டியவர்களின் விவரம் வேண்டும் என்றாள் அவள்: சாமியானா போடுகிறவர், ஐஸ் பெட்டி கொண்டுவருகிறவர், மாலை கட்டுகிறவர், சொர்க்க ரதம். மங்களகரமான நூலில் இதெல்லாம் தேவையா என்றேன் நான்.

"கல்யாணத்துக்கு ஆள் தேட மாசக்கணக்குல டைம் இருக்குது. சாவுக்கு எங்கங்க இருக்குது? அழுதுகினே எவன் போய் நம்பர் தேடுவான்? இதைத்தான் முதல்ல போடணும்."

முதலில் போடவில்லை. "எதிர்பாராத் தருணங்கள்" என்ற தலைப்பிட்டுக் கடைசியில் சேர்த்தேன்.

நூல் வெளியீட்டுக்கு அந்தப் பொறியாளரையே சிறப்பு விருந்தினராக அழைத்தோம். அவரும் வருவதாக ஒப்புக்கொண்டார். வந்தால் எங்கள் தெருக்களைக் கண்ணால் பார்ப்பார், குடங்களைப் பார்ப்பார், மேடையில் இரண்டு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். மனுக்களால் ஆகாதது இந்த ஒரு காலையில் ஆகிவிடும் என்று நகரமே நம்பியது. விழா சொதப்பினால் அவர் மறுபடி எங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார் என்பதும் நகருக்குத் தெரிந்திருந்தது. பதினொரு மணிக்கு விழா. இடம், எங்கள் வீட்டு வாசலில் வேப்பமரத்தடி.

விழாவுக்கு ஃபிளெக்ஸ் பலகை வேண்டும் என்றார் சங்கப் பொருளாளர் ஜமால் பாய். கோட்டக்குப்பத்துக்காரர், வளைகுடாவில் நெடுங்காலம் கிடங்கு மேலாளராக இருந்துவிட்டு வந்து எங்கள் அடுத்த தெருவில் வீடு கட்டியவர். எதையும் 'ஜல்தி ஜல்தி' என்று முடிப்பவர். ஃபிளெக்ஸ் வேலையை அவரிடம் விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. நானே வடிவமைப்பேன் என்றேன்.

எனக்கு ஃபிளெக்ஸ் பலகைகளைப் பற்றி உறுதியான கருத்துகள் இருந்தன. காதுகுத்துக்கும் கட்சிக்கும் ஒரே மாதிரி எரியும் வண்ணங்கள், சிரிக்கும் முகங்களின் கூட்டம், பாயும் குதிரைகள். கற்றவர் நகருக்கு இவை தகுமா? விழுப்புரம் கடைத்தெருவில் ஃபிளெக்ஸ் அடிக்கும் இளைஞரிடம் என் வடிவத்தைக் கொடுத்தேன். கறுப்பு வெள்ளை. நடுவில் என் படம், பெரியதாக. (சங்கத்தார் வற்புறுத்தியதால் என்று சொல்லிக்கொண்டேன்.) அது கல்லூரி அடையாள அட்டைக்காக எடுத்தது, அதில் நான் சிரிக்கவில்லை. படத்தின் இரு புறமும் குத்துவிளக்கு. சமச்சீர் வேண்டும் என்பதற்காக இடப்பக்கம் சங்கம் தொடங்கிய தேதி, வலப்பக்கம் நூல் வெளியீட்டுத் தேதி. கீழே, சிறிய எழுத்தில், கையேட்டைப் பற்றிய விவரங்கள்.

இளைஞர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், கலர்ல போட்டுடலாம் சார். ஓரத்துல நாலு பக்கமும் ரோஜாப்பூ வெச்சித் தர்றேன். காசு சேர்த்துக் கேக்க மாட்டேன்."

"வேண்டாம் தம்பி. கண்ணியம் வேண்டும்."

"இல்ல சார்... இது பாக்கறதுக்கு ஒரு மாதிரி..."

"ஒரு மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்."

அவர் அதற்குமேல் பேசவில்லை. பேராசிரியர்களோடு வாதாடிப் பழக்கம் உள்ளவர் போலிருக்கிறது.

எங்கே கட்டுவது என்று கேட்டார். நெடுஞ்சாலையிலிருந்து எங்கள் நகருக்குத் திரும்பும் முனையில், டீக்கடை ஓரமாக இரண்டு மூங்கில் கழிகள் ஏற்கெனவே நட்டபடி இருந்ததைக் கவனித்திருந்தேன். அங்கேயே கட்டிவிடுங்கள், கழிச்செலவு மிச்சம் என்றேன். அந்தக் கழிகள் ஏன் அங்கே நிரந்தரமாக நிற்கின்றன என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கல்யாணப் பலகை நுழைவு வளைவில். சாவுப் பலகை டீக்கடை முனையில். எங்கள் பகுதியில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். (பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்தது முனைவருக்குத் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை.)

விழா நாளன்று விடியும்போதே கட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

காலையில் கைப்பேசியை எடுத்தேன். எங்கள் நகரின் வாட்ஸ்அப் குழுவில் கூப்பிய கைகள் வரிசை வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. "ஆழ்ந்த இரங்கல்." "ஈடு செய்ய முடியாத இழப்பு." "ஆன்மா சாந்தியடையட்டும்." எல்லாவற்றுக்கும் மேலே யாரோ ஒரு படம் அனுப்பியிருந்தார், அது திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. யார் இறந்தது? விழா நாளில் இப்படி ஆகிவிட்டதே என்று வருந்தினேன். இவ்வளவு பேர் எழுதிய பிறகு "யார்?" என்று கேட்பது செயலாளருக்கு அழகல்ல. ஆகவே நானும் எழுதினேன்:

"அன்னாரின் மறைவு நம் நகருக்குப் பேரிழப்பு. அவர்தம் குடும்பத்தாருக்கு என் ஆழ்ந்த இரங்கல்."

அனுப்பியதும் கைப்பேசி அணைந்தது. அன்று மாதாந்திர மின்நிறுத்த நாள்; முந்தின இரவே சார்ஜ் போட்டுக்கொள்ளும்படி கையேட்டில் அறிவுறுத்தியிருந்தேன்.

அந்தச் செய்தி குழுவில் என்ன விளைவை உண்டாக்கியது என்பது பிறகுதான் தெரிந்தது. அதுவரை சிலருக்குச் சந்தேகம் இருந்ததாம். நேற்று மாலைகூடத் தெருவில் பார்த்தோமே என்றார்களாம். என் எண்ணிலிருந்தே இரங்கல் வந்ததும் சந்தேகம் தீர்ந்தது. "பாவம், அம்மா சாரோட போன்லேர்ந்தே போட்டிருக்காங்க" என்று ஒருவர் எழுத, அழும் முகங்கள் மேலும் குவிந்தன. பலகையில் இருந்த இரண்டு தேதிகளையும் யாராவது கழித்துப் பார்த்திருந்தால் நான் எட்டு வயதில் இறந்திருப்பது தெரிந்திருக்கும். துக்கத்தில் யார் கழித்தல் கணக்குப் போடுகிறார்கள்?

நான் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு வரவேற்புரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். மங்கை காபி கொண்டுவந்து வைத்தாள்.

"வெளிய லாரியில வந்து சாமியானா போட்டுக்கினு இருக்கறாங்க. நீங்களா சொன்னீங்க?"

"ஜமால் பாய் ஏற்பாடாக இருக்கும். நல்ல மனிதர்," என்றேன்.

அவள் வெளியே போனாள். எதிர்வீட்டுப் பெண் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு "அக்கா!" என்று அலறியது எனக்குக் கேட்டது. நம் விழாவுக்கு இத்தனை உணர்ச்சிப் பெருக்கா என்று வியந்தேன். பிறகு ஒரு வண்டி நிற்கும் ஓசை. கனமான ஏதோ ஒன்றை இறக்கும் ஓசை. ஐஸ் பெட்டிக்காரர் ஏழுமலையின் குரல்.

"அம்மா, மனசைத் தேத்திக்குங்க. பாடி எங்கம்மா இருக்குது? கரண்டு வேற இல்ல. ஜெனரேட்டர் வெக்க எடம் பாக்கணும்."

"எந்த பாடி?"

"சார் பாடிதாம்மா."

மங்கை எதையும் இரண்டு முறை சொல்லவைக்காமல் புரிந்துகொள்பவள். தெருவே கேட்கும்படி, சிறிதும் குரல் நடுங்காமல் அவள் சொன்ன வாக்கியம்தான் எங்கள் குடும்ப வரலாற்றில் நிலைத்துவிட்டது.

"பாடியா? பாடி உள்ள காபி குடிச்சிக்கினு இருக்குது."

நான் டம்ளரோடு வெளியே வந்தேன்.

வாசல் நிறைய மனிதர்கள். கைகளில் மாலைகள். என்னைக் கண்டதும் ஒரு பெண்மணி வீறிட்டார். ஒருவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். ஜமால் பாய் நெஞ்சில் கை வைத்தபடி உறைந்து நின்றார்.

"புரொபசர்! நீங்க மவுத்தாயிட்டதா..."

"இல்லை பாய்," என்றேன். வேறு எப்படிப் பதில் சொல்வது என்று தெரியவில்லை.

"குரூப்புல நீங்களே இரங்கல் போட்டீங்களே!"

"யாருக்கென்று தெரியாது."

"உங்களுக்குத்தான்!"

யார் முதலில் சிரித்தார்கள் என்று இன்றுவரை ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. மங்கைதான் என்கிறார் ஜமால் பாய். வேப்பமரத்தடி முழுக்கச் சிரித்தது. ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ பெட்டி?" என்றார் கவலையோடு. அவரை இறக்கிவிட்ட வண்டி வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தது.

எனக்கு அந்த நேரத்தில் வேறொரு கேள்வி முக்கியமாகப் பட்டது.

"இவர்களையெல்லாம் எப்படி அழைத்தீர்கள் பாய்?"

"உங்க புக்கை வெச்சித்தான். ப்ரூஃப் காப்பி எங்கிட்ட இருந்துச்சே. கடைசி சாப்டர்."

"எல்லா எண்களும் வேலை செய்தனவா?"

"முதல் ரிங்குல எடுத்தாங்க புரொபசர். ஒண்ணுகூட தப்பில்ல."

நெஞ்சு நிமிர்ந்தது. தன் நூல் இவ்வளவு விரைவாக, இவ்வளவு பிழையின்றிப் பயன்பட்டதைக் காணும் பேறு எத்தனை ஆசிரியர்களுக்கு வாய்த்திருக்கும்? திரும்பி மங்கையைப் பார்த்தேன். 'நான்தான் சொன்னேனே' என்று அவள் வாயால் சொல்லவில்லை.

அப்போது தெருமுனையில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. தலை கலைந்து, கண் வீங்கி, என் மகள் கயல் இறங்கி ஓடிவந்தாள். திண்டிவனத்தில் ஆசிரியை. யாரோ அவளுக்கு அந்தப் படத்தை அனுப்பியிருக்கிறார்கள். என் கைப்பேசி அணைந்துகிடந்தது. மங்கை தன் கைப்பேசியைப் பத்திரமாக இருக்கட்டும் என்று பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைப்பவள். கயல் பேருந்தில் வழிநெடுக அழுதுகொண்டு வந்திருக்கிறாள். நான் நிற்பதைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள். கைப்பையால் என் தோளில் ஓங்கி அடித்தாள். இன்னொரு அடி. பிறகு அதே தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

நான் அவள் முதுகை இரண்டு முறை தட்டினேன். எங்கள் குடும்பத்தில் அது அளவுகடந்த உணர்ச்சி வெளிப்பாடு.

"மணி என்னாவுது?" என்றாள் மங்கை. "ஆபீசரு வர்ற நேரம். போட்ட சாமியானாவ ஏன் கழட்டணும்? நாற்காலிய வரிசையா போடுங்க. யாருனா போய் அந்த பேனரைக் கழட்டுங்க. பாய், ஜல்தி!"

நாற்காலிகள் திரும்பின. மாலைகள் சாமியானாத் தூண்களில் தோரணமாயின. ஐஸ் பெட்டியை நகர்த்த இடமில்லை. அதன்மேல் என் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துக் கையேடுகளை அடுக்கினோம். நூல் வெளியீட்டு மேசைக்கு இதைவிடப் பொருத்தமான உயரம் அமையாது. என் மூக்குக்கண்ணாடியை எடுக்க வீட்டுக்குள் போனேன்.

பலகையைக் கழற்றப் போனவர் முனையை அடைவதற்கு முன்பே பொறியாளரின் வாகனம் அதைக் கடந்துவிட்டிருந்தது.

அவர் இறங்கியபோது கையில் பெரிய ரோஜா மாலை இருந்தது, விழாவில் எனக்குப் போடுவதற்காக வாங்கிவந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்தபடி நேராக நடந்தார். ஜமால் பாய் "சார், ஒரு நிமிஷம்" என்று குறுக்கே போனார். பொறியாளர் கையை உயர்த்தி அவரை அமைதிப்படுத்தினார். வெள்ளை வேட்டி போர்த்திய பெட்டியின் மேல், கையேடுகளின் நடுவே, மாலையைச் சாத்திக் கும்பிட்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, தழுதழுத்த குரலில் பேசத் தொடங்கினார்.

"சார் எனக்கு எத்தினியோ மனு எழுதினாரு. ஒவ்வொண்ணும் ஒரு பாடப் புத்தகம். பொறுமையா உக்காந்து படிக்கணும்னு எடுத்து வெச்சேன்..."

நான் கண்ணாடியோடு நிலைப்படியை அடைந்திருந்தேன். உடனே வெளியே போய்த் தவற்றைத் திருத்துவதுதான் நேர்மை என்று கருதி ஒரு காலை வெளியே வைத்தேன். என் முழங்கையை ஒரு கை இறுகப் பற்றியது.

"எங்க போறீங்க?" என்றாள் மங்கை, கிசுகிசுப்பாக.

"அவரிடம் உண்மையை..."

"தண்ணிய பத்தி பேசிக்கினு இருக்கறாரு. முடிக்கட்டும். இப்ப வெளிய போனீங்கன்னா தண்ணியும் உங்களோட போயிடும்."

"மங்கை, இது முறையல்ல."

"செத்த நேரம் செத்துதான் இருங்களேன்! என்னா இப்போ?"

இருந்தேன். வாழ்நாளெல்லாம் உண்மையைக் கற்பித்தவன், கதவுக்குப் பின்னால், மனைவியின் பிடியில், ஒரு நகரின் குடிநீருக்காக இறந்திருந்தேன். அவள் விரல்கள் என் முழங்கையில் அழுந்தியிருந்தன. டேங்கரின் பின்னால் குடங்களோடு ஓடி ஓடி அந்த விரல்களின் கணுக்கள் காய்த்துப்போயிருந்ததை அன்றுதான் உணர்ந்தேன்.

வெளியே பொறியாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவரு உயிரோட இருக்கறப்ப செய்யல. இந்த நகருக்குக் குழாய் கண்டிப்பா வரும். பரிந்துரைய இந்த வாரமே எழுதி அனுப்பறேன். சாருக்கு முன்னாடி நின்னு சொல்றேன். இது அவருக்கு நான் குடுக்கற வாக்கு."

கூட்டம் கைதட்டியது. சாவு வீட்டில் கைதட்டுவதைக் கண்டு அவர் திகைத்தார்.

"இப்ப போங்க," என்று மங்கை என் முழங்கையை விட்டாள். விட்டாள் என்பதைவிடத் தள்ளினாள் என்பதே சரி.

நான் வெளிப்பட்டேன். என்ன சொல்வது என்று தெரியாமல், கையில் இருந்த வரவேற்புரையின் முதல் வரியையே படித்தேன். "எங்கள் அழைப்பை ஏற்று வருகை தந்திருக்கும் பெருமதிப்பிற்குரிய பொறியாளர் அவர்களே..."

அவர் மாலையையும் பெட்டியையும் என்னையும் பார்த்தார். ஏழுமலை நாற்காலியை அவருக்குக் கீழே நகர்த்தியிராவிட்டால் தரையில்தான் உட்கார்ந்திருப்பார். கயல் தண்ணீர் கொடுத்தாள். அது கிணற்றுத் தண்ணீர். அவசரத்தில் கொடுத்ததா, திட்டமிட்டதா என்று நான் விசாரிக்கவில்லை. ஒரு வாய் குடித்தவர் முகம் சுளித்தார்.

நான் முழு விளக்கத்தையும் அளித்தேன், மன்னிப்பும் கேட்டேன். கொடுத்த வாக்கு அவரைக் கட்டுப்படுத்தாது என்றும் சொன்னேன். (பின்னாலிருந்து மங்கை என்னைப் பார்த்த பார்வையில் நான் மெய்யாகவே காலமாகியிருக்க வேண்டும்.) பொறியாளர் நெடுநேரம் சிரித்தார். கடைசியில் டம்ளரைக் கீழே வைத்தார்.

"உயிரோட இருக்கறவருக்குக் குடுத்த வாக்கை மாத்தலாம் சார். செத்தவருக்குக் குடுத்ததை எப்படி மாத்தறது?"

அடுத்த மழைக்காலத்துக்குள் எங்கள் தெருவில் குழாய் பதித்தார்கள். முதல் நாள் தண்ணீர் வந்தபோது மங்கை பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு எதிரிலேயே நின்றாள். மூடியைத் திறந்து, கரண்டியால் மசித்துப் பார்த்து, "வெந்துடுச்சுங்க" என்றாள். எனக்குப் பட்டங்களும் விருதுகளும் உண்டு. அந்த ஒரு சொல்லுக்கு நிகராக எதையும் நான் வைப்பதில்லை.

கதை பரவிற்று. அன்று மாலை கயல் திரும்பிப் போனபோது வாய்த்தது காலையில் வந்த அதே பேருந்து. நடத்துநர் அவளை அடையாளம் கண்டுகொண்டு, "எடுத்தாச்சாம்மா?" என்று பரிவோடு கேட்டிருக்கிறார். "இல்லண்ணா," என்றாளாம் இவள். "அவரு இன்னும் மீட்டிங்ல பேசிக்கினு இருக்காரு." அதன் பிறகு என் வீட்டில் நான் பேராசிரியரும் இல்லை, அப்பாவும் இல்லை. "பாடி சாப்டுதா?" "பாடிக்கு மாத்திரை குடுத்தாச்சா?" பேரப் பிள்ளைகளுக்குக்கூட நான் 'பாடித் தாத்தா'தான். நகரின் கூட்டங்களில் நான் எழுந்தால், "சார், இரங்கல் தீர்மானமா?" என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை.

போன ஐப்பசியில் மங்கை இறந்துபோனாள். அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது, முயலப்போவதுமில்லை. அன்று நான் யாரையும் அழைக்கவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். ஜமால் பாயும் கையேட்டைத் திறக்கவில்லை. அந்த எண்கள் அவருக்கு மனப்பாடம். எல்லாரும் முதல் ரிங்கிலேயே எடுத்தார்களாம். சாமியானா வந்தது. நாற்காலிகள் வந்தன. ஏழுமலை வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார். வழக்கமாகக் கேட்கும் கேள்வியை அவர் என்னிடம் கேட்கவில்லை. "காபி குடிச்சீங்களா சார்?" என்றார். நான் தலையசைத்தது எந்தப் பக்கம் என்று நினைவில்லை. டீக்கடையிலிருந்து ஒரு டம்ளர் வாங்கிவந்து என் கையில் வைத்து, நான் குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

அவளைக் குளிப்பாட்டியது அந்தக் குழாய்த் தண்ணீரில்தான்.

டீக்கடை முனைப் பலகையை நான் வண்ணத்தில் அடிக்கச் சொன்னேன். அவள் சிரிக்கும் படம். நான்கு ஓரமும் ரோஜாப்பூ. ஃபிளெக்ஸ் கடை இளைஞர் மறுபேச்சுப் பேசாமல் செய்துகொடுத்தார். அவ்வழியாக வந்த, எங்களை அறிந்த வெளியூர்க்காரர் ஒருவர் அதைப் பார்த்துப் பிறந்தநாள் விழா என்று எண்ணி, வாழ்த்துச் சொல்ல என் வீடு தேடி வந்துவிட்டார். மங்கை இருந்திருந்தால் அவரை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டு, இதை ஒரு வருடம் சொல்லிச் சிரித்திருப்பாள். நான் "அமருங்கள்" என்றேன். அவர் அமர்ந்தார்.

கையேட்டின் இரண்டாம் பதிப்பில் கடைசி அத்தியாயத்தை முதலாவது ஆக்கிவிட்டேன். அட்டையில் அவள் பெயர்தான் இருக்கிறது. படிப்பவர்கள் பாராட்டும்போது எனக்கு உண்டாகும் பெருமையை அடக்க நான் முயல்வதில்லை.

தினமும் காலையில் திண்டிவனத்திலிருந்து கயல் அழைக்கிறாள். எடுத்ததும் அவள் நலம் விசாரிப்பதில்லை.

"பாடி இன்னா பண்ணுது?" என்கிறாள்.

"காபி குடிச்சிக்கினு இருக்குது," என்கிறேன்.

பிறகு, சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக, எழுந்து போய்க் குழாயைத் திறக்கிறேன்.